எத்தனையாவது தேத்தண்ணி இது?

சகோதரிகளே, சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நேற்று ஸுபஹிலிருந்து இரவு படுக்கைக்குப் போகும் வரை எத்தனை தேத்தண்ணி குடித்தீர்கள்? "மூன்று" என்றுதான் உங்களில் பலர் உடனே சொல்வீர்கள். சரி, இப்போது விரல் விட்டு எண்ணுங்கள். ஸுபஹ் தொழுததும் ஒன்று. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, அடுப்படியில் நின்றபடியே கேத்தலில் மிஞ்சியதைச் சூடாக்கி ஒன்று. பத்து மணிக்கு அடுத்த வீட்டு ராத்தா வந்தா என்று ஒன்று. பகல் சோற்றுக்குப் பிறகு வாய்க்கு இதமாக ஒரு பிளேன்டீ. அஸருக்குப் பின் எல்லோருக்கும் ஊற்றும்போது உங்களுக்கும் ஒன்று. அவர் வேலை முடிந்து வந்ததும் அவரோடு இருந்து ஒன்று. இரவில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது கண் சொருகாமலிருக்க இன்னொன்று. மூன்று என்றது ஏழாகிவிட்டது!

ஆண்கள் கடையில் குடிக்கும் தேத்தண்ணி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதற்குக் காசும் போகிறது, மாதக் கடைசியில் பேச்சும் வருகிறது. அடுப்படியில் நிற்பவள் குடிப்பது யார் கணக்கிலும் வருவதில்லை. அவளுடைய சொந்தக் கணக்கிலும் வருவதில்லை.

தேயிலையை விஷம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. காலையில் ஒரு கோப்பை நல்ல தேத்தண்ணி தரும் தெம்பை எந்தக் கஷாயமும் தராது. நான் சொல்ல வருவது நாலாவது, ஐந்தாவது, ஆறாவது கோப்பைகளைப் பற்றித்தான். அவற்றை நாம் தாகத்துக்காகக் குடிப்பதில்லை. களைப்புக்காகவும், சில வேளைகளில் பசியை அடக்குவதற்காகவும் குடிக்கிறோம். அந்தக் களைப்புக்கு வேறொரு காரணம் இருந்தால், தேத்தண்ணி அதைக் குறைக்காது, கூட்டிவிடும். இதைத்தான் விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

கோப்பியும் தேயிலையும் வந்த வழி

நித்திரையை விரட்டும் பானம் என்ற பெயர் கோப்பிக்குக் கிடைத்ததே நமக்குப் பழக்கமான ஒரு சூழலில்தான். பதினைந்தாம் நூற்றாண்டில் யெமன் நாட்டு ஸூபிகள் இரவு திக்ருகளில் விழித்திருப்பதற்காகக் 'கஹ்வா' குடித்தார்கள். கோப்பி என்ற சொல்லும் அந்தக் கஹ்வாவிலிருந்து பிறந்ததே. பிறகு அது ஹலாலா ஹராமா என்ற சர்ச்சை கிளம்பியது. 1511 ஆம் ஆண்டில் மக்காவின் அதிகாரியாக இருந்த கைர் பேக் அதற்குத் தடையே போட்டார். கெய்ரோவிலிருந்த மேலிடம் அந்தத் தடையை நீடிக்க விடவில்லை.

நம் நாட்டில் முதலில் பெருந்தோட்டமாக இருந்ததும் கோப்பிதான். 1869 இல் இலைகளில் கண்ட துரு நோய் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே, 1867 இல், கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அதன் பின் வந்ததெல்லாம் தேயிலைக் காலம். இன்று நம் வீட்டுப் போத்தலில் இருப்பது பெரும்பாலும் டஸ்ட், அல்லது பி.ஓ.பி.எஃப். என்ற சிறு துகள். துகள் சிறிதாக இருப்பதால் சாயம் சட்டென்று இறங்கும், கட்டியாகவும் இறங்கும். சாயத்தோடு கஃபீனும் அவ்வாறே இறங்கும்.

கஃபீன் என்பது தேயிலை, கோப்பி, கொக்கோ ஆகிய தாவரங்களில் இயற்கையாகவே உள்ள ஒரு பொருள். ஜெர்மன் இரசாயனவியலாளர் ருங்கே 1819 இல் அதைக் கோப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். நாம் விழித்திருந்து வேலை செய்யச் செய்ய, மூளையில் அடினோசின் என்றொரு பொருள் சேர்ந்து வரும். அது போய் அமர வேண்டிய இடத்தில் அமர்ந்ததும் நமக்குக் கண் சொருகும், உடல் அசரும். கஃபீன் என்ன செய்கிறது தெரியுமா? அடினோசினுக்கு உரிய அந்த இடத்தில் தான் போய்க் குந்திக் கொள்கிறது. களைப்பு அப்படியே இருக்கிறது. களைப்பு என்ற செய்திதான் நமக்கு வந்து சேர்வதில்லை. கஃபீன் எழுந்து போனதும் அடக்கி வைத்த களைப்பெல்லாம் ஒன்றாக வந்து இறங்குகிறது. நாம் மறுபடியும் கேத்தலை அடுப்பில் வைக்கிறோம்.

குடித்த கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்க, சாதாரணமாக ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும். ஆளுக்கு ஆள் இது கூடும் குறையும். மஃரிபுக்குப் பின் குடித்ததில் பாதி, இரவு பதினொரு மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். "எனக்குத் தேத்தண்ணி குடித்தாலும் நித்திரை வரும்" என்று சொல்லும் சகோதரிகள் உண்டு. நித்திரை வரலாம். ஆனால் அந்த நித்திரை ஆழமில்லாமல் போய், விடியும்போது உடம்பு முறித்துப் போட்டது போலிருக்கும்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு சாதாரணக் கோப்பைத் தேத்தண்ணியில் ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும். வடித்த கோப்பியில் அதைப் போல் இரண்டு மடங்கு. கோலா வகைப் பானங்களில் ஒரு டின்னுக்கு 30, 35 அளவில் உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015 இல் வெளியிட்ட கணிப்பின்படி, ஆரோக்கியமான ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை தீங்கில்லை. இந்தக் கணக்கில் ஏழு தேத்தண்ணியும் எல்லைக்குள்தானே நிற்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கஃபீனை மட்டும் பார்த்தால் உண்மைதான். நம் பெண்களுக்குள்ள பெரிய கேடு கஃபீனோடு முடிந்து விடுவதில்லை.

களைப்பு எங்கிருந்து வருகிறது?

படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, கண்ணிமைக்குள் வெளிறிக் கிடக்கிறது, எந்நேரமும் ஓர் அசதி. இவை இரத்தச் சோகையின் அறிகுறிகளாக இருக்கலாம். மாதப் போக்கிலும் பிள்ளைப் பேற்றிலும் பெண்ணின் உடலிலிருந்து இரும்புச் சத்து போய்க் கொண்டே இருக்கிறது. போன அளவுக்கு உணவிலிருந்து திரும்பக் கிடைக்காவிட்டால் இரத்தம் குறையும். இப்படிப்பட்ட பெண் தன் அசதியைப் போக்க எதை நாடுகிறாள்? தேத்தண்ணியைத்தான்.

தேயிலையில் உள்ள துவர்ப்பு, அதாவது தனின் என்ற பொருள், உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக் கட்டிக் கொள்கிறது. குடல் அதை உறிஞ்ச முடியாமல் வெளியே விட்டு விடுகிறது. 1983 இல் வெளியான ஓர் ஆய்வில், மாட்டிறைச்சி வைத்த பனிஸ் உணவோடு ஒரு கோப்பைத் தேநீர் குடித்தவர்களுக்கு இரும்பு உறிஞ்சப்படுவது 64 சதவீதம் குறைந்தது. கோப்பி குடித்தவர்களுக்கு 39 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிய வந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பாகக் கோப்பி குடித்தபோது எந்தக் குறைவும் இல்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தபோது, சாப்பாட்டோடு குடித்தது போலவே இரும்பு தடைப்பட்டது. தேநீரை வைத்து 2017 இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரு மணித்தியால இடைவெளி விட்டதும் தடை வெகுவாகக் குறைந்தது. ஆகவே சாப்பாட்டுக்குப் பின் குறைந்தது ஒரு மணித்தியாலம், இயன்றால் இரண்டு மணித்தியாலம் தேத்தண்ணியைத் தள்ளி வையுங்கள். பால் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

இறைச்சி, மீன், ஈரல் ஆகியவற்றிலுள்ள இரும்பை உடல் மற்றதை விட இலகுவாக எடுத்துக் கொள்ளும். கீரை, பருப்பு, கடலை ஆகியவற்றிலுள்ள இரும்பைத்தான் தேயிலை அதிகமாகத் தடுக்கிறது. இப்போது நம் வீட்டுச் சாப்பாட்டு விரிப்பை நினைத்துப் பாருங்கள். இறைச்சித் துண்டுகள் வாப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் போய் விடும். எல்லோரும் எழுந்த பின் உம்மா சட்டியில் ஒட்டிய ஆணத்தைச் சோற்றில் பிசைந்து, மிச்சமிருக்கும் பருப்போடும் கீரைச் சுண்டலோடும் சாப்பிடுவாள். இரும்புக்காகக் கீரையையும் பருப்பையும் நம்பியிருக்கும் ஒரே ஆள் அவள்தான். சாப்பிட்ட கையோடு ஒரு கட்டிப் பிளேன்டீயும் குடித்து, அந்தச் சொற்ப இரும்பையும் தடுத்துக் கொள்பவளும் அவள்தான். இதைத் தெரிந்து செய்கிறோமா? இல்லை. தெரியாமல்தான் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறோம்.

இதற்கு மாற்று மிகச் சுலபம். சோற்றுக்குப் பின் பிளேன்டீ இருந்த இடத்தில் ஒரு கிளாஸ் தேசிக்காய்த் தண்ணி வையுங்கள். தேசிக்காயிலுள்ள விட்டமின் சீ, கீரையின் இரும்பை உடல் எடுத்துக் கொள்ள உதவும். சீனி அள்ளிப் போடத் தேவையில்லை, ஒரு சிட்டிகை உப்பு போதும். கொய்யாப்பழம், பப்பாசி, நெல்லிக்காய் கிடைத்தால் அவையும் நன்று. "அப்படியானால் சோற்றுக்குப் பின் புதினா அவித்துக் குடிக்கலாமே" என்று நினைக்க வேண்டாம். புதினாத் தண்ணியும் இரும்பைத் தடுப்பதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். கஃபீன் இல்லாவிட்டாலும் துவர்ப்புப் பொருட்கள் அதில் உண்டு. மூலிகைப் பானங்களையெல்லாம் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வைத்துக் கொள்வதே நல்லது.

தேத்தண்ணியைக் குறைத்தால் மட்டும் இரத்தச் சோகை மாறிவிடாது. மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். இரத்தம் குறைவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

கருவுற்ற சகோதரிகளுக்கு

கிளினிக்கில் உங்களுக்கு இரும்புக் குளிகையும், விட்டமின் சீயும், கல்சியமும் தருவார்கள். எதை எந்த நேரத்தில் எடுப்பது என்று மிட்வைஃப் மிஸ் சொல்லியிருப்பார். இரும்புக் குளிகையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் அதில் பெரும்பகுதி வீணாகப் போகும். வெறும் தண்ணீரோடு எடுங்கள். கல்சியம் குளிகையையும் அதே நேரத்தில் சேர்த்து எடுக்கக் கூடாது.

இந்த நாட்களில் கஃபீன் உடலில் தங்கும் நேரமும் நீண்டு விடும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பாதி நீங்கவே பதினைந்து மணித்தியாலம் அளவுக்குச் செல்லலாம். தாயின் இரத்தத்திலுள்ள கஃபீன் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது, அதை உடைத்து வெளியேற்றும் சக்தி வயிற்றிலுள்ள சிசுவுக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2016 இல் வெளியிட்ட வழிகாட்டலில், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் எடுக்கும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்க வேண்டும் என்றது. கரு தங்காமல் போவதற்கும் குழந்தை எடை குறைந்து பிறப்பதற்கும் உள்ள ஆபத்தைக் குறைக்கவே அந்த ஆலோசனை. ஐரோப்பிய ஆணையம் இன்னும் இறுக்கமாக 200 மில்லிகிராம் என்கிறது. நான் சொல்வதானால், கர்ப்ப காலத்தில் நாளுக்கு இரண்டு தேத்தண்ணி, அதுவும் கட்டியில்லாமல். பால் கொடுக்கும் தாய்மாரும் இதை மனதில் வைக்க வேண்டும். புதிதாய்ப் பிறந்த குழந்தையின் உடலில் கஃபீனின் பாதி நீங்க மூன்று, நாலு நாட்கள் கூட எடுக்கும். காரணம் தெரியாமல் இரவெல்லாம் சிணுங்கும் பிள்ளைக்கு ஓதிப் பார்ப்பதோடு, தாயின் கோப்பைகளையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. தவழும் பிள்ளைக்குப் பிளேன்டீயில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டுகிறோம். சில வீடுகளில் பால்மா வாங்க முடியாத நாட்களில், போத்தலிலேயே தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறார்கள். 2022 இல் பால்மாவின் விலை ஏறி, கடைகளில் கிடைக்காமலும் போனபோது இது எத்தனையோ வீடுகளில் நடந்தது. வேறு வழியில்லாமல் செய்தவர்களைக் குறை சொல்ல என் நாக்கு எழாது. ஆனால் அந்த வயதில் பிள்ளைக்கு இரும்பு மிக அவசியம். அதற்குச் சோற்றுக் கஞ்சி மேலானது, கொதித்தாறிய தண்ணீரும் மேலானது.

முதல் நோன்பின் தலையிடி

ரமழானின் முதல் நாள், லுஹர் கடந்ததும் நெற்றிப் பொட்டு விண் விண்ணென்று தெறிக்கும். பசி என்பார்கள், வெயில் என்பார்கள். பலருக்கு அது கஃபீன் விட்டுப் போன தலையிடி. கடைசியாகக் குடித்து 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் அது தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் உச்சத்துக்கு ஏறும். இரண்டு நாளிலிருந்து ஒன்பது நாளுக்குள் தணிந்து விடும். தலையிடியோடு எரிச்சல், சோம்பல், எதிலும் மனம் ஊன்றாமை ஆகியனவும் வரும். வீட்டில் காரணமில்லாமல் ஏச்சும் பேச்சும் கிளம்புவது அந்த நாட்களில்தான்!

இதைத் தவிர்க்க ஒரே வழி, ஷஃபான் பாதியிலேயே குறைக்கத் தொடங்குவதுதான். ஒரே நாளில் நிறுத்தப் போகாதீர்கள். அப்படி நிறுத்தியவர்கள் மூன்றாம் நாள் பழைய கோப்பைக்கே திரும்பி விடுவார்கள். மூன்று, நாலு நாட்களுக்கு ஒரு கோப்பை என்ற கணக்கில் குறையுங்கள். முதலில் போக வேண்டியது இரவுக் கோப்பை. அது போனால் நித்திரை சீராகும். நித்திரை சீரானால் பத்து மணிக் கோப்பையை மனம் தேடாது. அடுத்தது சோற்றுக்குப் பின் குடிக்கும் பிளேன்டீ. காலைத் தேத்தண்ணியையும் அஸர் தேத்தண்ணியையும் கடைசி வரை விட்டு வையுங்கள், அவற்றைத் தொட வேண்டிய அவசியமே பலருக்கு வராது. கோப்பையைக் குறைக்க முடியாதவர்கள் தேயிலையைக் குறைக்கலாம். இரண்டு கரண்டி போடுமிடத்தில் ஒன்றரை, பிறகு ஒன்று. மக்கில் குடிப்பவர்கள் பழைய சிறு கோப்பைக்குத் திரும்பலாம். தேயிலையைப் போட்டுக் கொதிக்க விடுவதையும், ஊறிய தேயிலையோடு மணிக்கணக்கில் அப்படியே வைப்பதையும் நிறுத்துங்கள்.

சீனியும் சேர்ந்து குறையும் என்பது இதில் கிடைக்கும் பெரிய இலாபம். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் ஏழு கோப்பைக்குப் பதினாலு தேக்கரண்டி, ஏறத்தாழ 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்ன அளவு, மற்ற இனிப்புகளையும் சேர்த்தே நாளுக்கு 50 கிராமுக்குள். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. நீரிழிவு இல்லாத குடும்பம் எது என்று தேட வேண்டிய காலத்தில் இருக்கிறோம்.

தலையிடிக்குக் குளிகை எடுப்பவர்கள் உறையைப் பார்த்து வாங்குங்கள். சில குளிகைகளில் கஃபீனையே சேர்த்திருக்கிறார்கள். விட்டதை மறு வாசலால் உள்ளே எடுத்த கதையாகிவிடும். ஸஹரில் ஒரு சிறு கோப்பை குடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. "தேத்தண்ணி உடம்பிலுள்ள தண்ணீரையெல்லாம் எடுத்து விடும்" என்று பயமுறுத்துவது மிகைப்பட்ட பேச்சு. பழகியவருக்கு ஒரு கோப்பையால் அப்படி எதுவும் நடக்காது. ஆனால் ஸஹரில் நேரம் குறைவு, வயிற்றில் இடமும் குறைவு. அந்த இடத்தைத் தண்ணீருக்குக் கொடுப்பதே புத்தி.

கேத்தலில் வேறென்ன வைக்கலாம்?

குறை என்று சொல்லி விட்டுப் போவது சுலபம். சூடாக எதையாவது கையில் பிடித்துக் குடிக்க வேண்டும் என்ற ஆசைக்கு என்ன பதில்? நம் மூத்தம்மாமாரின் காலத்துக்குச் சற்றுத் திரும்பிப் பார்த்தால் போதும்.

முதலிடம் கொத்தமல்லிக்குத்தான். தடிமல் வந்தால் மட்டும் அவிப்பது என்று அதை ஒதுக்கி வைத்து விட்டோம். இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லியை வாசம் வரும் வரை இளஞ்சூட்டில் வறுத்து, ஒன்றிரண்டாக இடித்து, பெருவிரலளவு இஞ்சியைத் தட்டிப் போட்டு, நாலு கோப்பைத் தண்ணீர் மூன்றாக வற்றும் வரை கொதிக்க விடுங்கள். வடித்து, சிறு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக் கொண்டு குடித்துப் பாருங்கள். பத்து மணித் தேத்தண்ணிக்கு இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியாது. சிலர் இதில் மரமஞ்சளும் சேர்ப்பார்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் அதைச் சேர்க்க வேண்டாம்.

கறுவா நம் மண்ணின் சொத்து. ஒரு விரலளவு பட்டையும் இரண்டு ஏலக்காயும் கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் கிடந்தால் இரவுக்கு அருமையான பானம். சீனி போடாமலே ஓர் இனிப்பு நாக்கில் நிற்கும். கடையில் தடித்த, முரட்டுப் பட்டையாக வருவது வேறு இனம். அதிலுள்ள கூமரின் என்ற பொருள் அதிகமானால் ஈரலுக்கு நல்லதல்ல. நம் நாட்டுக் கறுவாவில் அது மிகச் சொற்பம். தாள் போல் மெல்லியதாகச் சுருண்டு அடுக்கடுக்காக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சிங்களச் சகோதரிகள் பெலிமல் என்று சொல்லும் வில்வம்பூவும், ரணவரா என்று சொல்லும் ஆவாரம்பூவும் உலர்த்திய பொதிகளாகக் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு பிடி பூவை நாலு கோப்பைத் தண்ணீரில் அவித்தால் பொன்னிறமாக, பார்வைக்குப் பிளேன்டீ போலவே இருக்கும். "தேத்தண்ணி நிறம் இல்லாவிட்டால் தொண்டையில் இறங்காது" என்னும் பெரியவர்களை இதில் பழக்கலாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் ஆவாரம்பூவை வைத்தியரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது. மூலிகை என்றால் எவ்வளவும் குடிக்கலாம் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் அதிகம். காமரங்காய்ச் சாறு சிறுநீரக நோயாளிகளுக்கு உயிராபத்தாகவே முடியும். நன்னாரி வேர் அவித்த நீர் வாசமும் ருசியும் உள்ளது. கடையில் போத்தலில் வரும் நன்னாரி சர்பத்து வேறு சங்கதி, அதில் வேரை விடச் சீனியே அதிகம்.

காலைப் பசியைத் தேத்தண்ணியால் அடக்கும் சகோதரிகளுக்கு இலைக்கஞ்சி. சிவப்புப் பச்சையரிசி ஒரு பிடியை நாலைந்து பல் வெள்ளைப்பூட்டோடு குழைய அவித்து, இரண்டாம் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். வல்லாரையை அரைத்துப் பிழிந்த சாற்றை எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சேருங்கள். சாறு சேர்த்த பின் ஒரு கொதி வருவதற்குள் இறக்கி விட வேண்டும். இல்லாவிட்டால் பச்சை நிறம் மாறி, பிள்ளைகள் கிட்டவும் வர மாட்டார்கள். ரமழானில் முப்பது நாளும் கஞ்சி காய்ச்சுகிறோம், மற்றப் பதினொரு மாதமும் அந்தப் பானை எங்கே போகிறது என்று நான் யோசிப்பதுண்டு.

கோப்பி வாசம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஓர் அரபு நாட்டு வழி. பேரீச்சம் விதைகளைக் கழுவி நன்றாகக் காயவிட்டு, கருகாமல் கருநிறம் வரும் வரை வறுத்து, தூளாக்கிக் கோப்பி போலவே கொதிக்க வைக்கிறார்கள். கஃபீன் இல்லை, நிறமும் கசப்பும் கிட்டத்தட்ட கோப்பியேதான். நோன்பு முப்பது நாளும் சேரும் விதையை எறியாமல் வைத்தால் போதும். ஆனால் வீட்டு கிரைண்டரில் போட்டு விடாதீர்கள், பிளேட் உடைந்து விடும். மில்லில் கொடுத்து அரையுங்கள். சுக்குக் கோப்பியில் கோப்பித்தூள் இருந்தால் அதில் கஃபீனும் இருக்கிறது. பச்சைத் தேயிலையிலும் இருக்கிறது, விளம்பரங்கள் என்ன சொன்னாலும் சரி.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண தரம், உயர்தரம் எழுதும் பிள்ளை இரவில் கோப்பி கேட்டால் உம்மா மனமிரங்கிப் போட்டுக் கொடுக்கிறாள். கடையில் விற்கும் சக்திப் பானத்தையும் சிலர் வாங்குகிறார்கள். 250 மில்லிலீற்றர் டின் ஒன்றில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் கஃபீன், அதோடு ஐந்தாறு கரண்டி சீனி. பிள்ளைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பதே ஐரோப்பிய ஆணையம் வைத்த எல்லை. 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 120 மில்லிகிராம். ஒரு டின்னும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் அதை நிரப்பி விடும். அன்று படித்தது மூளையில் பதிவதற்கு நித்திரைதான் தேவை. பத்தரைக்குப் படுத்து ஸுபஹுக்கு முன் எழும்பிப் படிக்கும் பிள்ளைக்கு, அந்த விடியற்காலையில் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள்.

கடைசியில் விருந்தாளி. வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப நமக்கு மனம் வராது, போன இடத்தில் வேண்டாம் என்று சொன்னால் "எங்க வீட்டுத் தேத்தண்ணி பிடிக்காதா?" என்று முகம் வாடும். ஒரு பகலில் நாலு வீட்டுக்குப் போனால் நாலு தேத்தண்ணி என்பது இப்படித்தான். வேண்டாம் என்பதற்குப் பதிலாக, "மாமி, எனக்குக் கொஞ்சம் சுடுதண்ணியில இஞ்சி தட்டிப் போட்டுத் தாங்க" என்று கேட்டுப் பாருங்கள். யாரும் கோபித்துக் கொள்வதில்லை, கேட்டு வாங்கிக் குடித்ததில் அவர்களுக்குச் சந்தோஷமும் கூட. நம் வீட்டுக்கு வருபவர்களிடமும் "தேத்தண்ணியா, மல்லித் தண்ணியா?" என்று கேட்டுப் பழகலாம். நீரிழிவும் பிரஷரும் உள்ள எத்தனை பேர், கேட்க வெட்கப்பட்டுச் சீனித் தேத்தண்ணியைக் குடித்து விட்டுப் போகிறார்கள் என்பது அப்போது தெரியும். பத்துப் பேருக்கு என்றால் ஆறு மேசைக்கரண்டி கொத்தமல்லி, இரண்டு பெரிய துண்டு இஞ்சி, பதின்மூன்று கோப்பைத் தண்ணீர். பத்தாக வற்றியதும் வடித்துப் பிளாஸ்க்கில் ஊற்றி, கருப்பட்டியைத் தனித் தட்டில் வையுங்கள். வேண்டியவர் எடுத்துக் கொள்வார்.